வலியோடு இருக்கும்போது பிறரை எப்படி நேசிப்பது?

திருநெல்வேலிப் பக்கம் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரை அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் முடக்குவாதம், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்குவதில்லை. சபையின் ஆஸ்பத்திரிச் சந்திப்புக் குழுவில் முன்பெல்லாம் முதல் ஆளாக நிற்பாராம். இப்போது யாராவது "எனக்காக ஜெபியுங்கள்" என்று போன் செய்தாலே எரிச்சல் வருகிறது என்கிறார். "பாடுகளின் நடுவிலும் அன்பு காட்டுகிறவன்தான் கிறிஸ்தவன் என்று பிரசங்கத்தில் கேட்கிறேன். எனக்குள் அன்பு வற்றிவிட்டதா? இந்த வலியை வைத்துக்கொண்டு மற்றவர்களை எப்படி நேசிப்பது?" இதுதான் கேள்வி.

சகோதரி, இரண்டு வருடமாக ஒருவரைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, தொண்டையில் சிக்காமல் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிறீர்கள். அதுவும் மடங்காத விரல்களோடு. உங்களிடம் அன்பு இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. நம் சபைகளில் அறிவிப்பில் பெயர் வாசிக்கப்படுகிற வேலையைத்தான் ஊழியம் என்கிறோம். வீட்டுக்குள் நடப்பது அவரவர் குடும்ப விஷயம் என்று விட்டுவிடுகிறோம். இயேசு அப்படிப் பார்க்கவில்லை. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். சந்திப்புக் குழுவுக்கு இப்போது போக முடியவில்லை என்பதற்காக அன்பு குறைந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எரிச்சல் உண்மைதான். அதை மறைக்காமல் எழுதியது நல்லது. பாடுகளில் அன்பு காட்டுவது என்றவுடன் நம்மில் பலருக்கு ஒரு படம் மனதில் வருகிறது: வலியே இல்லாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, முன்பு செய்த அத்தனையையும் அப்படியே செய்துகொண்டிருப்பது. வேதாகமத்தில் எனக்குத் தெரிந்து அப்படி யாரும் இல்லை. அங்கே இருக்கிறவர்கள் வலியை வலி என்றே சொல்கிறார்கள். கூடவே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற ஒருவரைக் கவனிக்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி நடக்கிறது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

மத்தேயு 14-ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த நாள் எப்படித் தொடங்கியது? யோவான் ஸ்நானனின் தலையை ஏரோது வெட்டிவிட்டான் என்ற செய்தி வருகிறது. யோவான் இயேசுவுக்கு உறவு. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். ஒரு ராஜாவின் பிறந்தநாள் விருந்தில், ஒரு பெண் கேட்டாள் என்பதற்காகச் சிறையில் தலை போயிற்று. அதைக் கேட்டதும் இயேசு படகில் ஏறி, வனாந்தரமான ஓர் இடத்துக்குத் தனியே போகிறார். 13-ஆம் வசனம் அவ்வளவுதான் சொல்கிறது. துக்க வீட்டில் இருக்கிற ஒருவருக்கு வேறென்ன வேண்டும்? கொஞ்ச நேரம் தனியாக இருக்க விட்டால் போதும் என்றுதான் இருக்கும்.

விடவில்லை. ஜனங்கள் கரையோரமாக நடந்தே வந்து, அவர் இறங்கும் இடத்தில் நிற்கிறார்கள். அவர் அவர்களைப் பார்த்து மனதுருகி, வியாதியஸ்தரைச் சுகமாக்குகிறார். பொழுது சாய்ந்ததும் சாப்பாடு கொடுக்கிறார். நாம் பிரசங்கத்தை இங்கேயே முடித்துவிடுகிறோம், "பார்த்தீர்களா, தம் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சேவை செய்தார்" என்று. 22, 23-ஆம் வசனங்களையும் வாசிக்க வேண்டும். சீஷரை வற்புறுத்திப் படகில் ஏற்றி அனுப்புகிறார். ஜனங்களையும் அனுப்பிவிடுகிறார். அப்புறம் தனித்து ஜெபிக்க மலையில் ஏறுகிறார். இரவின் நாலாம் ஜாமத்தில்தான், அதாவது விடியப்போகும் நேரத்தில்தான், திரும்ப சீஷரிடம் வருகிறார். காலையில் தேடிப்போன தனிமையை அவர் சில மணி நேரம் தள்ளிவைத்தார். வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. கூட்டத்தை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்துவது போல மலைக்குப் போனார். தேவகுமாரனுக்கே அது தேவைப்பட்டது. உங்களுக்கு ஏன் தேவைப்படக்கூடாது?

சிலுவையிலும் இதையே பார்க்கிறேன். யோவான் 19-இல், ஆணிகளில் தொங்கிக்கொண்டே தாயைப் பார்க்கிறார், அன்பான சீஷனைப் பார்க்கிறார். "ஸ்திரீயே, அதோ, உன் மகன்", "அதோ, உன் தாய்" என்று இருவரையும் சேர்த்துவைக்கிறார். விதவையான தாய் இனி யார் வீட்டில் இருப்பாள் என்கிற நடைமுறைக் கவலை அது. உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் நேரத்தில் அம்மாவுக்குத் தங்க ஓர் இடம் பார்க்கிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே "தாகமாயிருக்கிறேன்" என்கிறார். அம்மாவைப் பற்றி யோசித்தவர் தம் தாகத்தை மறைக்கவில்லை. நம் ஊரில் நல்ல மருமகள், நல்ல தாய், நல்ல ஊழியக்காரி என்றால் முதல் வசனத்தை மட்டும் வாழ வேண்டும், இரண்டாவதை வாயைத் திறந்து சொல்லக்கூடாது என்று எழுதப்படாத சட்டம் இருக்கிறது. அது சுவிசேஷத்தில் இருந்து வந்த சட்டம் இல்லை.

நீங்கள் விரல்களைப் பற்றி எழுதியதும் எனக்கு டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வந்தார். நம் வேலூர் சி.எம்.சி.யோடு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த வாழ்க்கை அது. 1925-இல் கேரளத்தில் பிறந்தவர், வேலூரில் மருத்துவம் படித்தவர். மகப்பேறு மருத்துவத்தில் போகவேண்டும் என்று ஆசை. 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து வெளியே போன வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. வயது முப்பதுகூட ஆகவில்லை. பிரசவம் பார்க்க நிற்க வேண்டும், ஓட வேண்டும், நடுராத்திரியில் எழ வேண்டும். அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவைச்சிகிச்சையில் புதிய வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். தொழுநோய் முழங்கைப் பக்கத்து நரம்பைப் பாதிக்கும்போது விரல்கள் உள்ளே வளைந்து பறவையின் நகம் போல நின்றுவிடும். அந்தக் கையால் ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. பார்த்த உடனே ஊருக்கு நோய் தெரிந்துவிடும். நன்றாக வேலை செய்கிற ஒரு தசைநாரை எடுத்து, வழியை மாற்றி விரல்களோடு இணைத்துத் தைத்தால், பயிற்சிக்குப் பிறகு விரல்கள் நிமிரும். நுணுக்கமான, பொறுமை வேண்டிய வேலை. ஆனால் அதில் ஒரு வசதி உண்டு: நோயாளியின் கையை மேசைமேல் நீட்டிவைத்து, அறுவை செய்கிறவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். பிராண்ட் அதைக் கவனித்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை அறுவைச்சிகிச்சை செய்யலாமே என்று மேரியிடம் கேட்டார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். யாரும் அவரிடம் "உன் கால் போனதை மறந்துவிட்டு முன்பு நினைத்ததையே செய்" என்று சொல்லவில்லை. உட்கார்ந்த உயரத்தில் என்ன செய்ய முடியும் என்று பார்த்தார்கள். அந்த உயரத்தில் தொழுநோயாளியின் கை இருந்தது. ஊர் ஒதுக்கிவைத்த ஒரு மனிதர் மேசையில் கையை நீட்டிவைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், எதிரே முகத்தில் தழும்போடு, நடக்க முடியாத ஒரு டாக்டர். அந்த மனிதருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல கால்களோடு நிற்கிற ஒருவர் சொல்லும் ஆறுதலும் இதுவும் ஒன்றா?

இதெல்லாம் ஓரிரவில் நடந்ததில்லை. உட்காரவே மாதக்கணக்கில் ஆயிற்று. பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், தன் வேலையைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி எடுத்தார். அதன்பின் நியூயார்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தென்னை மரத்தில் இருந்து விழுந்தவர், சாலை விபத்தில் முதுகு உடைந்தவர், இனி வீட்டு மூலைதான் என்று குடும்பமே முடிவு கட்டியவர், இப்படிப்பட்டவர்களுக்கான இடம். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986-இல் இறந்தார். கடைசிவரை கால்கள் திரும்பவில்லை. அவர் அன்பு காட்டியது வலி தீர்ந்த பிறகு இல்லை. வலியை இல்லை என்று சொல்லியும் இல்லை.

இதைச் சொன்னவுடன் சிலர், "அவர் பெரிய டாக்டர், நாம் சாதாரண ஆட்கள்" என்பார்கள். சரி, சாதாரண ஆள் ஒருவரைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குப் போகிற பழக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வரும் அந்த நாலு மணி நேரத்தில் பலருக்கு உடம்பெல்லாம் குளிரும். முதல் நாள் வருகிறவர்களுக்கு அது தெரியாது. வெயில் காலத்தில் மெல்லிய சட்டையோடு வந்து நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள். இந்த அக்கா தன் பையில் எப்போதும் கூடுதலாக ஒரு போர்வை வைத்திருப்பார். புது முகம் தெரிந்தால், கூட வந்த பிள்ளையிடம் சொல்வார்: "தம்பி, அம்மாவுக்கு இதைப் போர்த்திவிடு. அடுத்த தடவை வீட்டில் இருந்து கொண்டுவந்துடு. சாக்ஸும் போட்டு விடு." அவ்வளவுதான். வசனம் சொல்லவில்லை, கையைப் பிடித்து ஜெபிக்கவில்லை. அதற்கு அவருக்கு அந்த நேரத்தில் தெம்பும் கிடையாது. ஒரு கையில் ஊசி இருக்கும். டயாலிசிஸ் படுக்கையில் குளிரும் என்பது அந்த வார்டுக்கு நல்ல உடம்போடு போய் நின்ற எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அங்கே படுத்துக் குளிர்ந்தவருக்குத்தான் தெரிந்தது.

பவுல் 2 கொரிந்தியர் 1:4-இல் சொல்வது இதுதான்: நாங்கள் பட்ட உபத்திரவத்தில் தேவன் எங்களுக்குக் கொடுத்த ஆறுதலைக் கொண்டே, எந்த உபத்திரவத்தில் இருக்கிறவர்களுக்கும் ஆறுதல் செய்யத் திராணி உள்ளவர்களாகிறோம். கவனியுங்கள், தேவன் முதலில் உங்களுக்கு ஆறுதல் செய்கிறார். பெற்றுக்கொண்டதுதான் அடுத்தவருக்குப் போகிறது. ஆறுதல் எதுவும் உள்ளே வராமல் வெளியே மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா. அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் எடுத்து வளர்த்தவர். அந்தப் பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் கவனிக்காதது அவருடைய கடைசி இருபது வருடம். 1931 அக்டோபரில், களக்காட்டில் மருத்துவ வேலைக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் புதிதாக வெட்டியிருந்த ஒரு குழியில் விழுந்து கால் உடைந்தது. அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான் வாழ்க்கை. சுகம் வேண்டி எவ்வளவோ ஜெபம் நடந்தது. பழையபடி நடமாட்டம் வரவில்லை. அந்த அறையில் இருந்து கடிதங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் குறிப்புகள் எழுதினார், புத்தகங்கள் எழுதினார். அதில் ஒன்று எழுதக் காரணமே, நோயாளிகளுக்கென்று வரும் துண்டுப்பிரதிகளெல்லாம் நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் எழுதியதாக இருந்ததுதான். அவை அவருக்கு ஒட்டவில்லை. ஆகவே நோயில் கிடக்கிற ஒருவர் நோயில் கிடக்கிற மற்றவர்களுக்கு எழுதுவதாக ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய கல்லறைமேல் பெயர்ப்பலகை கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்பதை மட்டும் பொறித்திருக்கிறார்கள், அவர் வளர்த்த பிள்ளைகள்.

இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். வலி தானாக யாரையும் நல்லவராக்குவதில்லை. பாடுபட்டுப் பாடுபட்டுக் கசந்துபோனவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். தன் வலியைவிடச் சிறிய வலியோடு யாராவது வந்தால், "இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று வாயை அடைத்துவிடுவார்கள். உங்களுக்குப் போனில் வரும் எரிச்சலிலும் இந்தக் கணக்கு கொஞ்சம் இருக்கலாம். அதற்கு என்ன செய்வது? கோபத்தைக் கொட்ட இடம் இல்லாதவர் பக்கத்தில் இருக்கிறவர்மேல்தான் கொட்டுவார். மாமியார்மேல், பிள்ளைகள்மேல், போன் செய்த அப்பாவிமேல். தேவன் தம்மிடம் கொட்டச் சொல்லி ஒரு புத்தகமே கொடுத்திருக்கிறார். சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் வந்துவிடும்; இதில் வரவில்லை. சிநேகிதர் தூரமானார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் பரிசுத்த வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். மத்தியான நேரம் மாமியார் தூங்கும்போது, அலங்காரம் இல்லாமல், "கர்த்தாவே, எனக்கு முடியவில்லை, எனக்குக் கோபம் வருகிறது" என்று சொல்லுங்கள். முறையிட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தேவனிடம் கத்தி அழுதவருக்கு மனிதர்களிடம் மெதுவாகப் பேச முடிகிறது. இதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

யோபுவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சிநேகிதர் மூவரும் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாக இருந்தது. வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. நீ செய்த பாவம்தான் என்று அதிகாரம் அதிகாரமாகக் குத்தினார்கள். கடைசியில் தேவன் அந்தச் சிநேகிதர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டும் என்கிறார். யோபுவும் ஜெபிக்கிறார். 42:10-ஐப் பாருங்கள்: சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் சிறையிருப்பு மாறியது. அதாவது இழந்தது எதுவும் திரும்ப வருவதற்கு முன்பே, தன்னைப் புண்படுத்தியவர்களுக்காக ஜெபித்தார். ஆனால் அதற்கு முன் அதிகாரம் அதிகாரமாக அவர் புலம்பவும் வாதாடவும் விடப்பட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. உங்களைப் பார்க்க வராமலே "ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நேசிக்க இன்றைக்கே முடியாவிட்டால், நீங்கள் இன்னும் 42-ஆம் அதிகாரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, வாங்கிக்கொள்வது. கொடுத்தே பழகியவர்களுக்கு இது கஷ்டம். அப்போஸ்தலர் 16-இல் பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பலமாக அடிபட்டு, தொழுமரத்தில், அதாவது காலைப் பூட்டிவைக்கும் மரக்கட்டையில், கால் மாட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். நடுராத்திரியில் பாடினார்கள் என்பதையே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பூமி அதிர்ந்து கதவு திறந்ததும், கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவுகிறான். பவுல் கத்துகிறார்: "நீ உனக்குக் கெடுதி ஒன்றுஞ் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்." தன் காலைத் தொழுமரத்தில் மாட்டியவனின் உயிரைக் காப்பாற்றுகிறார். அதே ராத்திரியில் அந்த மனிதன் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான். அதுவரை யாரும் அவற்றைக் கழுவவில்லை. பாடினபோதும், அவனைத் தடுத்தபோதும் முதுகில் காயம் அப்படியே இருந்தது. பவுல் "பரவாயில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லவில்லை. முதுகைக் காட்டினார், கழுவவிட்டார், அவன் வீட்டில் சாப்பிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அன்பு காட்ட ஒரு வாய்ப்பைக் கொடுத்தார்.

நீங்கள் கடைசியாக யாரிடம் உதவி கேட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கேட்டால் ஊழியம் செய்தவள் இப்போது கையேந்துகிறாள் என்று பேசுவார்களோ என்ற பயமா? கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. உங்கள் பாரத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தால், சபை அந்தக் கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிய முடியும்?

இதைப் படிக்கிற வேறு சிலருக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். "பாடுகளிலும் அன்பு" என்ற வார்த்தையை வைத்து, அடிக்கிற கணவனிடமே இருந்து பொறுத்துக்கொள் என்று பெண்களை அனுப்பிவைக்கிற ஆலோசனை சில இடங்களில் நடக்கிறது. அது தவறு, பெரிய தவறு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பும், ஆறு வயது தீமோத்தேயுவும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மா கொலைகாரர்களை மன்னித்ததாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு பாரிபதாவில் தங்கி, கணவர் பார்த்துவந்த தொழுநோய் இல்லத்தின் வேலையைத் தொடர்ந்தார். அதே கிளாடிஸ் அம்மாதான் மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான சட்டத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்றும் தெளிவாகச் சொன்னார். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மனதில் பகை வைக்காமல் இருப்பதும், தப்பித்துப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ப் புகார் கொடுப்பதும் ஒரே கிறிஸ்தவளால் முடியும். வீட்டில் அடிதடி இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். போதகரிடம் சொல்வதற்கு முன்பேகூட.

சகோதரி, இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

முதலில் உங்கள் உடம்பு. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்தபோது, தேவதூதன் போதனை எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மாமியாருக்கு வேளை தவறாமல் மாத்திரை போகிறது, உங்கள் மாத்திரை? முடக்குவாதத்தில் தொடர்ந்து மருந்து எடுக்காவிட்டால் மூட்டுகள் நிரந்தரமாகச் சிதைந்துவிடலாம். காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காமல் இருப்பது, நோய் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அறிகுறி. மூட்டுவாத மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எரிச்சலோடு தூக்கமும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இதைப் பிசாசின் போராட்டம் என்று சொல்லி மருத்துவரை ஒதுக்காதீர்கள்.

அப்புறம், அந்தப் போன். ஜெபிக்கச் சொல்லி யாராவது கூப்பிட்டால், "சரி, ஜெபிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்து அதை ஒரு கடனாகச் சுமக்காதீர்கள். அந்த நிமிடமே போனிலேயே ஒரு வரி: "இயேசுவே, இவருக்கு இரங்கும்." முடிந்தது. எடுக்க முடியாத நேரத்தில் எடுக்கவே வேண்டாம். இயேசுவும் ஜனங்களை அனுப்பிவிட்டார். இரண்டு வருட அனுபவத்தில் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன: படுக்கைப்புண் எங்கே முதலில் சிவக்கும், கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் புரை ஏறாது, ஆளைப் புரட்டும்போது கையை எங்கே கொடுத்தால் உங்கள் முதுகு பிடிக்காது. பக்கவாதம் வந்து புதிதாகத் தவிக்கிற ஒரு குடும்பம் உங்கள் சபையிலோ தெருவிலோ கண்டிப்பாக இருக்கும். மாதத்தில் ஒரு நாள், உங்களுக்கு முடிகிற நேரத்தில், அவர்களிடம் பத்து நிமிடம் பேசுங்கள். சந்திப்புக் குழுவில் யாருக்கும் தெரியாததை நீங்கள் சொல்வீர்கள்.

கடைசியாக ஒன்று, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கே. ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசியைப் பிடித்து, "ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள்: வாரம் ஒருநாள் மத்தியானம் இரண்டு மணியில் இருந்து நாலு மணிவரை யாராவது ஒருவர் வந்து மாமியார் பக்கத்தில் உட்கார வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் தூங்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சும்மா இருக்கலாம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கிழமை, யார் வருவது என்பதை அவர்கள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.